உப்பும் அல்ல, பருப்பும் அல்ல: டர்பனுக்குப் புதிதாக வந்த கர்ப்பிணிகளுக்கு ஒரு யூரின் டெஸ்ட் வழிகாட்டி

நம்ம ஊர் ஆஸ்பத்திரியில் "யூரின்ல உப்பு போகுது" என்பார்கள். இங்கே டர்பனில் சிஸ்டர் "புரோட்டீன், ஒன் பிளஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். இரண்டும் ஒரே சேதிதான். ஊரில் அதைக் கேட்டவர் மறுநாளே சாம்பாரில் உப்பைக் குறைக்கிறார். இங்கே கேட்டவர் பருப்பையும் முட்டையையும் நிறுத்திவிடுகிறார். பீனிக்ஸில் குடியிருக்கும் ஒரு தங்கச்சி, ஏழு மாதம், பத்து நாளாக வெறும் ரசஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "பருப்புதான்க்கா எறங்கிருச்சு போல" என்றாள். அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. மதுரைப் பக்கம் ஒரு சின்ன லேபில் ஆறு வருடம் டெக்னீஷியனாக இருந்தேன். பிறகு கல்யாணமாகி டர்பன் வந்து, இரண்டு பிள்ளைகளையும் இங்கேதான் பெற்றேன். அந்தச் சிறுநீர்க் குப்பியின் இரண்டு பக்கமும் நின்றவள் என்பதால் சில விஷயங்கள் தெரியும்.

அந்த 'உப்பு' என்ன?

அது உப்பே இல்லை. அல்புமின் என்ற புரதம், முட்டை வெள்ளைக்கருவின் ஒன்றுவிட்ட சொந்தம். லேபில் ஸ்ட்ரிப் (சிறுநீரில் நனைத்து நிறம் பார்க்கும் பட்டை) தீர்ந்துபோன நாட்களில் பழைய முறையில் பார்ப்போம். சோதனைக் குழாயில் முக்கால் அளவு சிறுநீர் எடுத்து, மேல்பகுதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டுவோம். ஏதாவது இருந்தால் மேலே கலங்கி, கீழே தெளிவாக நிற்கும். அதில் அசிட்டிக் அமிலம் சில சொட்டு விட வேண்டும். கலங்கல் கரைந்துவிட்டால் பாஸ்பேட், பயமில்லை. வெள்ளைக்கரு வெந்தது மாதிரி அப்படியே நின்றால் அல்புமின். 1843இல் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் ஜான் லீவர் என்ற மருத்துவர், பிரசவ வலிப்பு வந்த பெண்களின் சிறுநீரில் இதைக் கண்டு எழுதினார். வலிப்புக்கும் சிறுநீருக்கும் உள்ள தொடர்பு பரவலாகப் பேசப்படத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான்.

நல்ல சிறுநீரகம் புரதத்தை ரத்தத்திலேயே நிறுத்திவைத்துக்கொள்ளும். கர்ப்ப காலத்தில் கொஞ்சம் தளரும். 24 மணி நேரத்தில் 300 மில்லிகிராமுக்குள் போனால் சாதாரணம். ப்ரீஎக்லாம்ப்சியா என்ற நோயில் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் சரியாக விரிவதில்லை. அதிலிருந்து வரும் சில பொருட்கள் தாயின் ரத்தக்குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. பிரஷர் ஏறுகிறது, சிறுநீரகத்தின் வடிகட்டி ஓட்டையாகிறது, புரதம் ஒழுகுகிறது. நீங்கள் எத்தனை கரண்டி பருப்பு சாப்பிட்டீர்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உப்பைக் குறைத்தாலும் இந்த ஒழுகல் நிற்காது. ஆகவே ரசஞ்சோற்றை விட்டு நன்றாகச் சாப்பிடுங்கள்.

முதல் வேலை: பதிவு

இங்கே 'புக்கிங்' என்பார்கள். நாள் தள்ளியது உறுதியானதுமே போங்கள். "மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளியே சொல்லலாம்" என்பதெல்லாம் சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான், கிளினிக்குக்கு அல்ல. இருபதாவது வாரத்துக்கு முன்பே உங்கள் பிரஷரும் சிறுநீரும் எப்படி இருந்தன என்று எழுதி வைத்திருந்தால்தான், பின்னால் வருவது புதிதா, பழையதா என்று கண்டுபிடிக்க முடியும்.

அரசு வழி: வீட்டுக்குப் பக்கத்து கிளினிக்கில் தொடங்க வேண்டும். பிரச்சினை என்றால் அவர்கள்தான் மேலே அனுப்புவார்கள். சாட்ஸ்வொர்த்தில் ஆர்.கே.கான் ஆஸ்பத்திரி, பீனிக்ஸில் மகாத்மா காந்தி ஆஸ்பத்திரி என்று போகும். நேராகப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றால், அவசரம் இல்லாத பட்சத்தில், கிளினிக் சீட்டு எங்கே என்று கேட்பார்கள். மெடிக்கல் எய்டில் (இங்குள்ள தனியார் மருத்துவக் காப்பீடு) இல்லாத கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவம் இலவசம் என்று 2003ஆம் வருடத்து தேசிய சுகாதாரச் சட்டம் சொல்கிறது. எந்த நாட்டவர் என்று பார்க்கக் கூடாது என்று 2023இல் ஜோகன்னஸ்பர்க் உயர்நீதிமன்றம் உத்தரவும் போட்டது. ஆனாலும் பாஸ்போர்ட், விசா, வீட்டு முகவரிக்கு ஒரு தாள் மூன்றையும் பையில் வைத்திருங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்று வாதாட யாருக்கும் தெம்பிருக்காது.

தனியார் வழி என்றால் ஒரு எச்சரிக்கை. கர்ப்பமான பிறகு மெடிக்கல் எய்டில் சேர்ந்தால் அந்தக் கர்ப்பத்துக்கான செலவை 12 மாதம் வரை ஒதுக்கி வைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. கணவரின் கம்பெனி சேர்த்துவிடும் என்று நம்பி இருக்காமல், எந்தத் தேதியிலிருந்து, எதற்கெல்லாம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

பதிவின்போது ஒரு தடித்த அட்டை கொடுப்பார்கள், மெட்டர்னிட்டி கேஸ் ரெக்கார்டு. அது உங்களிடமே இருக்கும். மளிகைக் கடைக்குப் போனாலும் கைப்பையில் இருக்கட்டும். அரசு அட்டவணைப்படி முதல் வருகைக்குப் பிறகு 20, 26, 30, 34, 36, 38, 40ஆம் வாரங்களில் வரச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் பிரஷர், ஒவ்வொரு முறையும் சிறுநீர். "போன தடவைதான் பார்த்தாங்களே" என்று எதையும் விடக்கூடாது. இந்த நோய் இரண்டு வாரத்தில், ஏன், இரண்டு நாளில்கூட வரும்.

முதல் வருகையிலேயே சொல்ல வேண்டியவை: முதல் பிரசவமா, இரட்டையா, முன்பு பிரஷர் ஏறியதா, சர்க்கரை உண்டா, அம்மாவுக்கோ அக்காவுக்கோ பிரசவத்தில் வலிப்பு வந்ததா. ஊரிலிருந்து டெல்மிசார்டன் மாதிரி பிரஷர் மாத்திரை கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், அது கர்ப்பத்துக்கு ஆகாது. ஆபத்து கூடுதல் உள்ளவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதித் தருவார்கள், 16 வாரத்துக்கு முன்பே தொடங்கினால் பலன் அதிகம். டாக்டர் சொல்லாமல் நீங்களாகத் தொடங்காதீர்கள். கால்சியம் மாத்திரையும் தருவார்கள். அதை இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்காமல், ஒன்று காலையில், ஒன்று இரவில் என்று பிரித்துப் போடுங்கள்.

கிளினிக் போகும் நாள் காலை

நான் அதிகம் சொல்ல நினைப்பது இந்த இடத்தைப் பற்றித்தான், ஏனென்றால் என் மூத்தவன் வயிற்றில் இருந்தபோது நானே இதில் தப்பு செய்தேன். லேபில் வேலை பார்த்தவள்!

விடியற்காலையில் எழுந்ததும் வீட்டிலேயே போய்விட்டு வந்தேன். வரிசையில் இரண்டு மணி நேரம். "யூரின் கொடு" என்று கூப்பிட்டதும் வரவில்லை. பக்கத்திலிருந்த அம்மா நீட்டிய பாட்டில் தண்ணீர் முழுவதையும், முக்கால் லிட்டர் இருக்கும், மடமடவென்று குடித்துவிட்டு அரைமணியில் குப்பியை நிரப்பினேன். கண்ணாடி மாதிரி தெளிவு. ஸ்ட்ரிப்பில் ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் மோதிரம் கழலவில்லை, போய்ப் பார்த்தால் இரண்டு பிளஸ். இடையில் ஒரு வாரம் ஓடிவிட்டது. நோய் அந்த வாரத்தில்தான் வந்ததா, முன்பே இருந்ததைத் தண்ணீர் மறைத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஸ்ட்ரிப் பார்ப்பது புரதத்தின் செறிவை, மொத்த அளவை அல்ல. ஒரு கரண்டி சர்க்கரையை ஒரு டம்ளரில் கரைத்தால் இனிக்கும், அதையே ஒரு குடத்தில் கரைத்தால் நாக்குக்குத் தெரியாது இல்லையா? அதே கணக்கு. எதிர்ப்பக்கமும் உண்டு. டிசம்பர் வெயிலில் தண்ணீரே குடிக்காமல் போனால் சிறுநீர் சுண்டிப்போய், இல்லாத நோய்க்கு ஒரு பிளஸ் காட்டும். எழுந்ததும் வழக்கம்போலப் போய்விட்டு, வழக்கமான ஒரு டம்ளர் தண்ணீரும் இட்லியோ பிரெட்டோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். கிளினிக் போய்ச் சேர்ந்ததும் முதலில் குப்பியைக் கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு வரிசையில் உட்காருங்கள். வரிசை முடிந்து கொடுக்கலாம் என்று இருக்க வேண்டாம்.

சில இடங்களில் வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொல்வார்கள். அப்படியானால் மருந்துக்கடையில் புதுக் குப்பி வாங்குங்கள். ஊறுகாய் பாட்டில், ஜாம் பாட்டில் வேண்டாம், எத்தனை கழுவினாலும். எடுத்த ஒரு மணி, இரண்டு மணிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

குப்பியில் பிடிப்பது

கையைக் கழுவுங்கள். பிறகு கீழே முன்னிருந்து பின்னாக, வெறும் தண்ணீரால் கழுவி, சுத்தமான டிஷ்யூவால் ஒற்றுங்கள். சாவ்லான் கலந்த தண்ணீர் வேண்டாம். அதில் உள்ள குளோர்ஹெக்சிடினும் செட்ரிமைடும் ஸ்ட்ரிப்பில் பட்டால், புரதமே இல்லாவிட்டாலும் இருப்பதுபோலப் பச்சை காட்டும். நம் வீடுகளில் கர்ப்பிணி என்றாலே சாவ்லான் ஊற்றிக் குளிக்க வைக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். கிளினிக் நாளில் மட்டும் அவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கையால் பெண்ணுறுப்பின் உதடுகளை விரித்துப் பிடித்துக்கொண்டு, முதல் கொஞ்சத்தைக் கழிப்பறையிலேயே விட்டு, நடுவில் வருவதைக் குப்பியில் பிடியுங்கள். பாதிக் குப்பி போதும். கடைசியில் வருவதும் குப்பிக்கு வேண்டாம். ஏன் இவ்வளவு? வெள்ளைப்படுதல், ரத்தம், பனிக்குட நீர் எது கலந்தாலும் அதிலும் புரதம் உண்டு. அப்படிக் கசிவு ஏதாவது இருந்தால் கூச்சப்படாமல் சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். எட்டு மாத வயிற்றோடு குனிந்து பிடிப்பது சுலபமில்லைதான், கால் மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

ஸ்ட்ரிப் சொல்வது

சிஸ்டர் ஸ்ட்ரிப்பை நனைத்து, ஓரத்தைத் தட்டி, படுக்கை வாட்டில் பிடித்து, 60 விநாடி கழித்து பாட்டிலில் ஒட்டிய வண்ண அட்டையோடு ஒப்பிடுவார். புரதக் கட்டம் மஞ்சளாகவே இருந்தால் இல்லை. பச்சை ஏற ஏற அளவு கூடுகிறது. ஒரு பிளஸ் என்றால் டெசிலிட்டருக்கு (100 மில்லி) ஏறக்குறைய 30 மில்லிகிராம், இரண்டு பிளஸ் 100, மூன்று பிளஸ் 300. 'டிரேஸ்' என்று எழுதினால் ஒரு பிளஸ்ஸுக்கும் கீழே, சந்தேக அளவு.

டர்பன் ஈரக்காற்று இந்த ஸ்ட்ரிப்புகளுக்கு எமன். ஓரிடத்தில், பெயர் வேண்டாம், ஸ்ட்ரிப் பாட்டில் மூடியில்லாமல் ஜன்னலோரம் இருந்தது. அன்று காலை எங்கள் வரிசையில் நான்கு பேருக்கும் ஒரு பிளஸ். நான் எட்டிப் பார்த்தேன், நனைக்காத ஸ்ட்ரிப்பே லேசாகப் பச்சையாக இருந்தது. "சிஸ்டர், புது பாட்டில்ல ஒரு தடவை பார்த்துடலாமா?" என்று மெதுவாகக் கேட்டேன். நல்ல மனுஷி, முறைக்காமல் புதிதாகப் பிரித்தார். நான்கு பேருக்கும் மஞ்சள். நீங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள மருந்துக்கடையில் ஸ்ட்ரிப் வாங்கினால், குளியலறையிலோ ஃபிரிட்ஜிலோ வைக்காதீர்கள். எடுத்த உடனே மூடுங்கள், காலாவதித் தேதி பாருங்கள். பிரஷர் பார்க்காமல் வீட்டு ஸ்ட்ரிப்பை மட்டும் நம்பி நிம்மதியாக இருப்பதும் கூடாது.

பிரஷருக்கு ஒரே ஒரு குறிப்பு: டாக்ஸியிலிருந்து இறங்கி மேடேறி மூச்சிரைக்க வந்தவுடன் பார்க்க விடாதீர்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் பட, கை இதயத்தின் மட்டத்தில் இருக்கப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெளியே வருவதற்கு முன் அட்டையைத் திறந்து மூன்று விஷயம் பாருங்கள்: பிரஷர் எண், சிறுநீர்க் கட்டத்தில் என்ன, அடுத்த தேதி. கட்டம் காலியாக இருந்தால் கேளுங்கள். 'என்ஏடி' என்று எழுதியிருந்தால் கோளாறு ஒன்றும் காணவில்லை என்று அர்த்தம்.

பிளஸ் வந்துவிட்டால்

ஸ்ட்ரிப் சந்தேகத்தை எழுப்பும், தீர்ப்புச் சொல்லாது. இருபது வாரத்துக்குப் பிறகு பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல், குறைந்தது நான்கு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை இருந்து, புரதமும் போனால் ப்ரீஎக்லாம்ப்சியா என்கிறார்கள். மேலே உள்ள எண் 160, கீழே உள்ளது 110, இரண்டில் ஒன்றைத் தொட்டாலும் அவசரம்.

பிரஷர் சரியாக இருந்து ஒரு பிளஸ் மட்டும் வந்தால், சுத்தமாகப் பிடித்த இன்னொரு மாதிரி கேட்பார்கள், நீர்க்கடுப்புத் தொற்று இருக்கிறதா என்று பார்ப்பார்கள், சீக்கிரமே திரும்ப வரச் சொல்வார்கள். பிரஷரும் ஏறியிருந்தால் அன்றே ஆஸ்பத்திரி. "வீட்டுக்காரர் வந்ததும் நாளைக்குப் போறேன்" என்று கிளம்பிவிடாதீர்கள்.

இதற்கு நேர்மாறான நிலைமை பலருக்குத் தெரிவதில்லை. பிரஷர் 150, சிறுநீரில் ஒன்றுமில்லை, "அப்போ பயமில்லை" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். புரதமே போகாமலும் இந்த நோய் இருக்கலாம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவது, கல்லீரல் எண்களும் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) எண்ணும் ஏறுவது, தலைவலி, பார்வைக் கோளாறு எல்லாம் அதன் முகங்கள். 2013இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கழகம் புரதம் கட்டாயம் என்ற விதியையே எடுத்துவிட்டது. ஆகவே பிரஷர் ஏறியிருந்தால் ரத்தப் பரிசோதனை எடுத்தார்களா என்று கேளுங்கள்.

அடுத்த கட்டம் லேப். ஒரு சின்னக் குப்பியில் புரதத்தையும் கிரியாட்டினினையும் அளந்து விகிதம் போடுவார்கள். கிரியாட்டினினோடு ஒப்பிடுவதால் தண்ணீர் குடித்த கோளாறு இதில் பெரும்பாலும் அடிபட்டுவிடும். விடிந்ததும் வரும் முதல் சிறுநீரை இதற்குக் கொடுக்காதீர்கள். எண்ணில்தான் குழப்பம். ஊர் லேப் அறிக்கையில் எல்லை 0.3 என்றிருக்கும். இங்கே கிரியாட்டினின் ஒரு மில்லிமோலுக்கு (இங்குள்ள லேப்களின் அளவு) புரதம் 30 மில்லிகிராம் என்று வரும், அதையே கிராமில் அச்சிட்டால் 0.03. மூன்றும் ஏறக்குறைய ஒரே கோடுதான். ஊரிலிருக்கும் டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது எண்ணை மட்டும் தட்டாமல், அளவையும் தெரியும்படி தாளைப் படமெடுத்து அனுப்புங்கள். "0.03தானே, எல்லைக்குப் பத்தில் ஒரு பங்கு" என்று யாராவது ஆறுதல் சொல்லிவிடப் போகிறார்கள்.

சில நேரம் 24 மணி நேரச் சிறுநீர் கேட்பார்கள். காலை ஏழு மணிக்கு எழுந்து முதலில் போவதைக் குப்பியில் பிடிக்காமல் விட்டுவிட்டு, மணியை எழுதிவையுங்கள். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு சொட்டும் பெரிய கேனில், மறுநாள் ஏழு மணிக்குப் போவது உட்பட. மலம் கழிக்கும்போது வருவதைத்தான் எல்லோரும் தவறவிடுவது, முதலில் சிறுநீரைப் பிடித்துவிட்டு மற்றது. ஒருமுறை தவறினாலும் லேபில் சொல்லிவிடுங்கள், மறுபடி தொடங்க வேண்டும். கேன் குளிர்ச்சியில் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைக்க மாமியார் ஒப்பமாட்டார், கரண்ட் வெட்டும் இருக்கலாம். ஐஸ் கட்டி போட்ட வாளியில் நிறுத்திவிடுங்கள், இரண்டு பிரச்சினையும் தீர்ந்தது.

டெஸ்டுக்குக் காத்திருக்கக் கூடாத நேரம்

பாராசிட்டமாலுக்கு மசியாத தலைவலி, கண்ணில் மின்னல் பறப்பது அல்லது மங்கல், வலது விலாவுக்குக் கீழே அல்லது நெஞ்சுக்குழியில் வலி, வாந்தி, மூச்சுத் திணறல், திடீரென்று முகமும் கையும் ஊதுவது, பிள்ளை அசைவு குறைவது. நெஞ்சுக்குழி வலிக்கு "கேஸ்" என்று சோம்புத் தண்ணீர் வைத்துக் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். கால் வீக்கம் பெரும்பாலானோருக்கு வரும், அது தனியாக நோயைக் காட்டாது. ஆனால் போன வாரம் வளைகாப்பில் ஏறிய வளையல் இந்த வாரம் கையை இறுக்கினால் உடனே போய்ப் பிரஷரும் சிறுநீரும் பாருங்கள். ஆம்புலன்ஸுக்கு 10177, கைப்பேசியிலிருந்து 112. வாசலில் ஆங்கிலம் வராவிட்டால் "பிரெக்னன்ட், ஹை-ஹை" என்று சொல்லுங்கள். இங்கே பிரஷருக்கு ஊர்ப்பேச்சில் அதுதான் பெயர், காவலாளிக்குக்கூடப் புரியும்.

உள்ளே சேர்த்தால் பிரஷர் மாத்திரையும், வலிப்பு வராமலிருக்க மக்னீசியம் சல்பேட்டும் கொடுப்பார்கள். ஊசி ஏறும்போது உடம்பெல்லாம் தீயாகக் காந்தும், அந்த மருந்தின் குணம் அது. பிள்ளையும் நஞ்சுக்கொடியும் வெளியே வருவதுதான் நோய்க்கான மருந்து என்பதால், நாள் வருமுன்பே பிரசவம் பார்க்க நேரலாம்.

பிறந்த பிறகு

பிரசவம் முடிந்ததும் எல்லோரும் பிள்ளையைப் பார்க்கிறார்கள், தாயின் பிரஷரை யாரும் பார்ப்பதில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரைதான் அது மறுபடி ஏறும் நேரம், வலிப்பும் வரலாம். அந்த வாரத்து வருகையைப் பத்தியத்தையும் தீட்டையும் சொல்லித் தள்ளிப்போடாதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். கசிந்த சிறுநீரகம் ஆற வாரங்கள் ஆகும். மூன்று மாதம் தாண்டியும் புரதம் போனால் அது வேறு சிறுநீரக நோயாக இருக்கலாம், தனியாகப் பார்க்க வேண்டும். ஆறாவது வாரம் பிள்ளைக்குத் தடுப்பூசி போடக் கூட்டிப் போவீர்கள் இல்லையா, அன்றைக்குப் பிள்ளையின் புத்தகத்தோடு உங்கள் பழைய அட்டையையும் ஒரு புதுக் குப்பியையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.